பீய்ச்சி வைத்த பால் கெட்ட பாலா?

பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் சிறிது நேரத்தில் கெட்டுவிடும் என்பது தமிழ்க் குடும்பங்களில் பரவலாக நிலவும் கருத்து. மார்பிலிருந்து பிள்ளை நேராகக் குடித்தால்தான் அது பால், கிண்ணத்துக்கு வந்துவிட்டால் பழசு என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இதிலிருந்து வேறு சில கருத்துகளும் கிளைத்திருக்கின்றன. ஃப்ரிட்ஜில் வைத்த பாலைக் கொடுத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். பீய்ச்சப் பீய்ச்சப் பால் வற்றிவிடும். பால் இரண்டாகப் பிரிந்து நின்றால் திரிந்துவிட்டது. எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் ஒன்றே. பேறுகால விடுப்பு முடிந்து தாய் வேலைக்குக் கிளம்பும் வாரத்தில் வீட்டுக்குள் பவுடர் பால் டப்பா நுழைகிறது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் பல்லாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் அவ்வாறு வளர்வோர் இந்திய அளவில் 63.7 சதவீதம். ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையிலேயே நடக்கும் தமிழ்நாட்டில் அந்த அளவு தேசிய சராசரிக்கும் கீழே, பாதிக்குச் சற்று மேலாக நிற்கிறது. இதற்குக் காரணங்கள் பல. தாய் வீட்டில் இல்லாத எட்டு மணி நேரத்துக்குத் தாய்ப்பாலே கொடுக்க முடியாது என்ற முடிவும் அவற்றில் ஒன்று. ஆராயாமலே எடுக்கப்படும் முடிவு அது.

அதன் வேர் பசும்பாலில் இருக்கிறது. காய்ச்சாத பாலை அப்படியே வைத்தால் மதியத்துக்குள் திரியும் என்பது எல்லாச் சமையலறைக்கும் தெரிந்த சேதி. அந்த அனுபவத்தில் பொய்யில்லை. அதைத் தாய்ப்பாலின் மேல் ஏற்றியதில்தான் பிழை. பசும்பால் தொழுவத்தில் கறக்கப்படுகிறது. மடியிலும் கையிலும் பாத்திரத்திலும் ஒட்டிய கிருமிகள் அதில் கலக்கின்றன. பல மாடுகளின் பால் ஒன்றாகி, கேன் மாறி, கை மாறி வீட்டுக்கு வருவதற்குள் மணிக்கணக்காகிறது. தாய்ப்பால் கழுவிய கையால், கழுவிய கிண்ணத்தில், குடிக்கப்போகும் குழந்தையின் வீட்டிலேயே எடுக்கப்படுகிறது. அதில் கிருமியே இருக்காது என்பதில்லை. தோலில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்கள் இருக்கும். நேராகக் குடிக்கும்போதும் அவை பிள்ளையின் வாய்க்குள் போகத்தான் செய்கின்றன.

பாலுக்குள் இருப்பவற்றிலும் பெரிய வேற்றுமை உண்டு. லைசோசைம் என்ற நொதி பாக்டீரியாக்களின் மேலுறையை உடைக்கக் கூடியது. தாய்ப்பாலில் அது பசும்பாலில் இருப்பதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பற்றிக்கொண்டு, இரும்பில்லாமல் பெருக முடியாத கிருமிகளைப் பட்டினி போடுகிறது. முதிர்ந்த தாய்ப்பாலில் இது லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம். சீம்பாலில் இன்னும் அதிகம். பசும்பாலில் அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு. ஐஜிஏ வகை எதிர்ப்புப் புரதங்களும் உயிருள்ள வெள்ளணுக்களும் இவற்றோடு சேர்கின்றன. குழந்தையின் குடலைக் காக்க வந்த இந்தப் படை, பால் கிண்ணத்துக்கு வந்த நிமிடமே கலைந்துவிடுவதில்லை. எடுத்த பாலிலும் சில மணி நேரம் கிருமிகளின் பெருக்கத்தை அது அடக்கி வைக்கிறது.

இது கணிப்பு மட்டுமல்ல, அளந்தும் பார்த்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் தாய்மாரை மனத்தில் வைத்து மார்கிட் ஹாமோஷும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வு 1996இல் அமெரிக்காவின் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளியானது. பீய்ச்சிய பாலை 15, 25, 38 டிகிரி செல்சியஸ் வெப்பங்களில் வைத்துச் சோதித்தார்கள். 15 டிகிரியில் 24 மணி நேரமும் 25 டிகிரியில் 4 மணி நேரமும் வைப்பதில் ஆபத்தில்லை. 38 டிகிரியில் வைக்கவே கூடாது என்பது அவர்கள் கண்ட முடிவு. பிறகு 2010இல் வெளியான ஓர் ஆய்வு, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் 4 டிகிரியில் 96 மணி நேரம் வைத்த பாலைப் பரிசோதித்தது. கிருமிகளின் எண்ணிக்கை ஏறவில்லை, குறைந்திருந்தது. ஐஜிஏவும் லாக்டோஃபெரினும் ஏறத்தாழ அப்படியே இருந்தன. கொழுப்பு ஓரளவு சிதைந்து, புளிப்புத்தன்மை சற்றே கூடியிருந்தது. நான்கு நாள் குளிரில் கிடந்த பாலில் கிருமி குறைந்திருந்தது என்பதைப் பசும்பாலை வைத்துத் தாய்ப்பாலை எடைபோடுபவர்கள் நின்று கவனிக்க வேண்டும்.

ஆயினும் நிலவும் கருத்தில் ஒரு துளி உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த 38 டிகிரி தமிழ்நாட்டுக்கு அயல் எண் இல்லை. சித்திரையிலும் வைகாசியிலும் வேலூரிலும் திருச்சியிலும் மதுரையிலும் வெளி வெப்பம் அதைத் தாண்டும். தகரக் கூரைக்கும் ஓட்டுக் கூரைக்கும் கீழே உள்ள அறை, மாலை மங்கிய பிறகும் ஆறுவதில்லை. ‘அறை வெப்பத்தில் ஆறு முதல் எட்டு மணி நேரம் தாங்கும்’ என்று குளிர்நாட்டுக் கையேடுகளிலிருந்து எடுத்து இங்கே பரப்பப்படும் வரி, நம் ஊர் அறைகளுக்குப் பொருந்தாது. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் 2017இல் திருத்திய நெறிமுறையே, 27 முதல் 32 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் நான்கு மணி நேரத்தை எல்லையாகக் கொள்ளச் சொல்கிறது. அதற்கும் மேலே புழுங்கும் அறையில் பாலை எடுத்த கையோடு கொடுத்துவிட வேண்டும், அல்லது குளிருக்கு மாற்ற வேண்டும். ஆக, பாட்டி அஞ்சியது வெயிலை என்றால் அவர் சொன்னது சரி. பழிதான் இடம் மாறிப் பாலின் மேல் விழுந்துவிட்டது.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டிலும் நான்கு மணி நேரம் சிறிய அவகாசமல்ல. காலை எட்டு மணிக்குக் கிளம்பும் தாய், கிளம்புமுன் எடுத்து வைத்த பால், பதினோரு மணி ஊட்டலுக்குத் தாராளமாக ஆகும். மூடிய கிண்ணத்தை மண்பானைத் தண்ணீரில் நிறுத்தி, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் வெப்பம் சில டிகிரி இறங்கும். உள்மாவட்டங்களின் வறண்ட காற்றில் இது நன்றாக வேலை செய்யும், கடலோர ஊர்களின் புழுக்கத்தில் அவ்வளவாகச் செய்யாது. எங்கானாலும் இதை நம்பி மணிக்கணக்கை நீட்டுவது தவறு. பிளாஸ்க்கிலோ காப்புப் பையிலோ பாலைச் சுற்றி ஐஸ் பொதிகள் நிறைய வைத்தால் கதை வேறு. அப்படி வைத்த பால் 24 மணி நேரம் தாங்கும். பணியிடத்தில் பீய்ச்சிய பாலை மாலைப் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுவர அதுவே போதும்.

மார்பிலேயே தங்கும் பாலைப் பற்றியும் இதே அச்சம் உண்டு. வெயிலில் அலைந்து வந்தவளின் பால் சூடேறியிருக்கும், நாள் முழுதும் கட்டிக் கிடந்த பால் கெட்டிருக்கும், ஆகவே முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். உடலின் உள்வெப்பம் வெயிலில் சென்றாலும் நிழலில் இருந்தாலும் ஏறத்தாழ 37 டிகிரிதான். பாலூறும் திசுவில் பால் ‘பழசாவது’ என்ற ஒன்று நடப்பதில்லை. கட்டிய பால் தாய்க்கு வலியும், நீடித்தால் மார்பகத் தொற்றும் தரக்கூடும். குழந்தைக்கு அதனால் தீங்கில்லை. கொட்டப்படுவது நல்ல பால்.

பீய்ச்சினால் வற்றும் என்பது உடலியலைத் தலைகீழாக நிறுத்துவது. மார்பில் பால் தேங்கினால், போதும் நிறுத்து என்ற சமிக்ஞை அங்கேயே பிறந்து சுரப்பைக் குறைக்கிறது. வெளியேறினால் சுரப்பு தொடர்கிறது. அலுவலகத்தில் எட்டு மணி நேரம் பீய்ச்சாமல் இருக்கும் தாய்க்குத்தான் சில வாரங்களில் பால் குறையும். அந்தக் குறைவைக் கண்டதும் ‘வேலைக்குப் போனாலே பால் நின்றுவிடும்’ என்று முடிவு கட்டி, பவுடர் பாலின் அளவைக் கூட்டுகிறார்கள். பிள்ளை குடிப்பது அதனால் இன்னும் குறைகிறது, சுரப்பும் கூடவே இறங்குகிறது.

தோற்றத்தை வைத்துச் சொல்லப்படும் தீர்ப்புகள் அடுத்தவை. தாய்ப்பாலைக் கொழுப்பு பிரியாதபடி எந்த ஆலையும் பதப்படுத்துவதில்லை. ஆகவே வைத்த சிறிது நேரத்தில் கொழுப்பு மேலே மஞ்சள் ஏடாக மிதக்கும், அடியில் நீலம் பாய்ந்த நீர்த்த பால் நிற்கும். இது பிரிவது, திரிவதன்று. கிண்ணத்தை மெல்லச் சுழற்றினால் இரண்டும் கலந்துவிடும். திரிந்த பாலோ கட்டி கட்டியாக நிற்கும், எவ்வளவு சுழற்றினாலும் சேராது. நிறமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சீம்பால் பொன்னிறம், ஊட்டலின் தொடக்கப் பால் வெளிறிய நீலம், கீரை நிறையச் சாப்பிட்டால் லேசான பச்சைகூடத் தெரியலாம். காம்பு வெடித்த தாயின் பாலில் இளஞ்சிவப்பு தென்பட்டால் பெரும்பாலும் அது சிறிதளவு இரத்தம், பிள்ளைக்குத் தீங்கு செய்வதில்லை. ஆனால் புண் எதுவும் இல்லாமல் பாலும் பாத்திரமும் பளிச்சென்று இளஞ்சிவப்பானால், செராட்டியா என்ற பாக்டீரியா காரணமாக இருக்கக்கூடும். அதை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாசனைதான் அதிகம் ஏமாற்றுவது. குளிரிலோ உறைநிலையிலோ வைத்த பால் சில தாய்மாருக்குச் சோப்பு வாடை அடிக்கும். பாலிலேயே உள்ள லைபேஸ் நொதி கொழுப்பைக் கொழுப்பு அமிலங்களாக உடைப்பதால் வருவது அது. குழந்தை கொழுப்பைச் செரிக்க உதவுவதற்காகவே அந்த நொதி பாலில் இருக்கிறது. ஃப்ரீசரின் குளிரிலும் அது முற்றிலும் ஓய்வதில்லை. வாடை வந்தாலும் பால் கெடவில்லை, பெரும்பாலான குழந்தைகள் தயங்காமல் குடிக்கும். பிடிவாதமாக மறுக்கும் பிள்ளைக்கு மட்டும், புதிதாக எடுத்த பாலின் விளிம்பில் சிறு குமிழிகள் தோன்றும் வரை சூடாக்கி உடனே ஆற்றிக் குளிரில் வைக்கும் வழி உண்டு. அப்படிச் செய்தால் நொதி அடங்கும், எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதியும் போய்விடும். ஆகவே இது வாடிக்கையாகச் செய்வதற்கு உரியதல்ல. புளித்த வாடையும் கட்டியும் சேர்ந்து வந்தால் கொட்டிவிடலாம். அது உண்மையிலேயே கெட்ட பால்.

படித்தவர்கள் கிளப்பும் தடை வேறு. நிபுணர்களே ஒத்துப்போகவில்லை, ஒருவர் நான்கு நாள் என்கிறார், இன்னொருவர் எட்டு நாள் என்கிறார், இவர்களை எப்படி நம்புவது என்று கேட்கிறார்கள். எண்கள் மாறுவது உண்மை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, 25 டிகிரி வரை நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள், ஃப்ரீசரில் ஆறு மாதம் சிறப்பு, பன்னிரண்டு மாதம் வரை ஏற்கலாம் என்கிறது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை, 4 டிகிரி அல்லது அதற்குக் கீழ் உள்ள ஃப்ரிட்ஜில் எட்டு நாள் என்கிறது. ஃப்ரிட்ஜின் குளிர் எவ்வளவு என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மூன்று நாளுக்குள் முடித்துவிடச் சொல்கிறது. இந்த இரண்டாம் வரியே தடைக்கு விடை. பால் எப்போது கெடும் என்பதில் இவர்களுக்குள் சண்டை இல்லை. எவ்வளவு சுத்தமாக எடுத்தார்கள், ஃப்ரிட்ஜ் எவ்வளவு குளிர்கிறது என்ற கேள்விகளுக்கு வெவ்வேறு அளவு எச்சரிக்கையோடு பதில் சொல்கிறார்கள், அவ்வளவே. எந்த நிறுவனமும் ‘பீய்ச்சிய பாலை வைத்துக் கொடுக்காதே’ என்று சொல்லவில்லை. தமிழ்நாட்டு வீட்டுக்கு எந்த எண் பொருந்தும் என்றால், குறைந்த எண்.

ஏனெனில் இங்குள்ள ஃப்ரிட்ஜின் நிலை வேறு. மாவுப் பாத்திரம், காய்கறி, மீந்த சாம்பார், தண்ணீர் பாட்டில் எல்லாம் நெருக்கி நிற்க, ஒரு நாளைக்கு எத்தனையோ முறை கதவு திறந்து மூடப்படுகிறது. கதவுத் தட்டு ஃப்ரிட்ஜிலேயே வெப்பம் அதிகம் ஏறியிறங்கும் இடம். பாக்கெட் பால் அங்கே இருந்து பழகிவிட்டதால் தாய்ப்பாலும் அங்கேயே போய் உட்கார்கிறது. அது இருக்க வேண்டிய இடம் உள்தட்டின் பின்பக்கம், பச்சை இறைச்சியும் மீனும் சொட்டாத உயரம். மூடி போட்டு, எடுத்த தேதியும் நேரமும் எழுதி வைத்தால் முந்தியதை முந்திக் கொடுக்க முடியும். புதிதாகப் பீய்ச்சிய இளஞ்சூட்டுப் பாலைக் குளிர்ந்த பாலில் அப்படியே ஊற்றக் கூடாது. தனியே குளிரவைத்த பிறகு சேர்க்கலாம். மூன்று நாளில் தீர்த்துவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் இத்தகைய ஃப்ரிட்ஜிலும் அச்சப்பட ஒன்றுமில்லை.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியை ஃப்ரீசர் என்று எண்ணி ஆறு மாதக் கணக்குப் போடுவது இன்னொரு பிழை. ஆறு மாதம் என்பது பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் நிலையாக நிற்கும் தனி ஃப்ரீசருக்கு உரியது. ஐஸ் பெட்டிக்கு ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வழிகாட்டிகள் தரும் அவகாசம் இரண்டு வாரம்தான். கரண்ட் போனால் என்ன செய்வது? கதவைத் திறக்காமல் இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். நிறைந்த தனி ஃப்ரீசர் அதைவிடப் பல மடங்கு நேரம் தாங்கும். உறைந்த பாலில் ஐஸ் படிகங்கள் இன்னும் எஞ்சியிருந்தால் திரும்ப உறையவிடலாம் என்று சிடிசி சொல்கிறது. முழுதும் உருகிவிட்டதைத்தான் மறுபடி உறையவைக்கக் கூடாது.

குளிர்ந்த பால் சளி தரும் என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. சளியைத் தருபவை வைரஸ்கள். அவை பெரும்பாலும் பிள்ளையைக் கொஞ்ச வருபவர்களிடமிருந்து வருகின்றன. குளிர்ந்தபடியே கொடுத்தாலும் ஆரோக்கியமான குழந்தைக்குத் தீங்கில்லை. இளஞ்சூட்டை விரும்பும் பிள்ளைக்குக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் சில நிமிடம் நிறுத்தினால் போதும். அடுப்பில் வைத்துக் காய்ச்சுவதுதான் வீட்டில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய கேடு. பசும்பாலைக் காய்ச்சுவது கிருமியைக் கொல்ல. தாய்ப்பாலைக் காய்ச்சினால் கிருமியை எதிர்க்கும் பொருள்கள் செத்துப்போகின்றன. மைக்ரோவேவ் இன்னும் மோசம். மேலே தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் பாலின் நடுவே நாக்கைச் சுடும் சூடு ஒளிந்திருக்கும். உறைந்த பாலை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிடுவது நல்ல வழி. அவசரமானால் குழாய்த் தண்ணீரில் பிடித்து உருக்கலாம். முழுதும் உருகிய பிறகு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், வெளியே ஒன்றிரண்டு மணி நேரம். பிள்ளை வாய் வைத்து மீதி விட்ட பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், இல்லையேல் கொட்டிவிட வேண்டும். கொட்ட மனம் வராது என்பதால்தான் ஒரு கிண்ணத்துக்கு 60 முதல் 100 மில்லி என்று சிறிது சிறிதாக வைப்பது நல்லது. ஒன்று முதல் ஆறு மாதம் வரை பிள்ளை நாள் ஒன்றுக்குச் சராசரியாக 750 மில்லி அளவில் குடிக்கிறது. தாய் இல்லாத எட்டு மணி நேரத்துக்கு அத்தகைய மூன்று நான்கு கிண்ணம் பெரும்பாலும் ஈடுகொடுக்கும்.

வைத்த பால் எதையும் இழக்காது என்று சொல்லிவிட முடியாது. வைட்டமின் சி குறைகிறது. உறையும்போது வெள்ளணுக்கள் அழிகின்றன. கிருமியை அடக்கும் திறன் நாளாக நாளாக மங்குகிறது. மார்பில் குடிப்பதற்கு முழுமையான மாற்று உலகில் இல்லை என்பதும் சரி. ஆனால் வேலைக்குப் போகும் தாயின் வீட்டில் காலை பதினோரு மணிக்கு எழும் கேள்வி ‘மார்பா, கிண்ணமா?’ என்பதன்று. ‘வைத்த தாய்ப்பாலா, பவுடர் பாலா?’ என்பது. நிலவும் கருத்து முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதற்கும் சொல்லிவிட்டதாக நடிக்கிறது.

பீய்ச்சிய பாலை எந்த அளவுகோலால் சந்தேகிக்கிறார்களோ, அதே அளவுகோலைப் பவுடர் பாலின் மேல் வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. டப்பாவில் அடைத்த பால்மாவு கிருமிநீக்கம் செய்யப்பட்ட பொருளல்ல. குரோனோபாக்டர் போன்ற கிருமிகள் உலர்ந்த மாவிலும் உயிரோடு கிடக்கக் கூடியவை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் 2007இல் வெளியிட்ட வழிகாட்டி, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் மாவைக் கரைக்கச் சொல்கிறது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கலக்கும் நம் வீட்டு வழக்கம் அந்த நிபந்தனையை நிறைவேற்றுவதில்லை. கரைத்த பவுடர் பாலை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, ஃப்ரிட்ஜில் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது அதே வழிகாட்டி. தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரமும் நான்கு நாளும். விரைவில் கெடுவது எது என்பதை இனி விவாதிக்க வேண்டியதில்லை. பவுடர் பாலைக் காக்க அதனுள் லைசோசைம் படை ஏதும் இல்லை. விழுந்த கிருமிக்கு அது தடையற்ற விருந்து. தண்ணீர் சுத்தமில்லாத ஊரில் இந்த வேற்றுமை வயிற்றுப்போக்காக வெளிப்படும்.

பசும்பால் இன்னும் தொலைவு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அதன் புரதமும் தாது உப்பும் சிறுநீரகத்துக்குச் சுமை. இரும்பு மிகக் குறைவு. சில குழந்தைகளுக்குக் குடலில் நுண்ணிய இரத்தக் கசிவையும் அது உண்டாக்கும். தண்ணீர் ஊற்றி நீர்க்கவைத்தால் சுமை குறையும், ஊட்டமும் கூடவே குறையும்.

பீய்ச்சிய பாலால் ஆபத்தே வராதா என்றால், வரும். ஆனால் அது பாலின் வயதிலிருந்து வருவதில்லை, கையிலிருந்தும் கருவியிலிருந்தும் வருகிறது. 2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்குக் கடுமையான குரோனோபாக்டர் தொற்று கண்டபோது, பால் பீய்ச்சும் பம்ப்பிலும் அதே கிருமி இருப்பது தெரியவந்தது. அதன் பிறகே பம்ப்பைக் கழுவுவதற்கென்று சிடிசி தனி வழிகாட்டி வெளியிட்டது. பம்ப் பாகங்களைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போடக் கூடாது என்பது அதன் சாரம். தனிக் கிண்ணம், தனித் தூரிகை, சோப்பு, சூடான தண்ணீர், பிறகு துடைக்காமல் காற்றில் நன்றாக உலரவிடுதல். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு நாளுக்கொரு முறை கொதிநீரில் போட்டெடுத்தலும் வேண்டும். கைதான் எல்லாவற்றிலும் முதன்மை. கையால் பீய்ச்சக் கற்றுக்கொண்ட தாய்க்குக் கழுவ வேண்டிய பாகங்களே இல்லை, செலவும் இல்லை. அரசு மருத்துவமனைச் செவிலியர்கள் பிரசவ வார்டிலேயே இதைச் சொல்லித்தர முடியும். சந்தை விற்கும் ஸ்டெரிலைசரும் வார்மரும் வசதிக்கானவை. அவை இல்லாவிட்டால் பால் வைக்க முடியாது என்ற எண்ணம் விளம்பரம் விதைத்தது. கண்ணாடியும் உணவுத்தரப் பாலிபுரோப்பிலீனும் முதல் தேர்வு. எவர்சில்வர் கிண்ணத்தில் சீம்பாலின் உயிரணுக்கள் கண்ணாடியில் இருப்பதைவிடக் குறைவாகத் தங்கின என்று ஓர் ஆய்வு கூறினாலும், சுத்தமான மூடியுள்ள எவர்சில்வரை ஒதுக்க அது போதிய காரணமில்லை.

ஊட்டுவதற்குப் புட்டி தேவையே இல்லை. பாலாடை, சில வீடுகளில் சங்கு, தலைமுறைகளாக இங்கே புழக்கத்தில் உள்ளது. மூலைமுடுக்கில்லாத வழவழப்பான உட்புறம் என்பதால் கழுவுவது எளிது. ரப்பர் காம்பின் இடுக்கில் தங்கும் பாலேடு இதில் தங்க இடமில்லை. எடை குறைந்த குழந்தைகளுக்குக்கூட மருத்துவமனைகள் இதைப் பயன்படுத்துகின்றன. புட்டியும் பவுடர் பாலும் ஒன்றாகவே வீட்டுக்குள் வருவதை இந்தியச் சட்டமும் உணர்ந்திருக்கிறது. 1992இல் இயற்றி 2003இல் திருத்திய சட்டம் இரண்டுக்குமே விளம்பரத்தைத் தடை செய்கிறது.

இதுவரை சொன்ன மணிக்கணக்கும் நாட்கணக்கும் நிறைமாதத்தில் பிறந்து நலமாக உள்ள குழந்தைக்கு உரியவை. குறைமாதக் குழந்தைக்கும் நோயுற்ற குழந்தைக்கும் விதிகள் இறுக்கமானவை, அங்கே மருத்துவமனை சொல்வதே கணக்கு. வைத்த பாலின் மேல் ஐயம் கொள்வோர் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. ஆர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் மும்பை சயன் மருத்துவமனையில் தொடங்கிய ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியிலிருந்து, சென்னை எழும்பூர் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையின் வங்கி வரை, வேறு தாய்மார் கொடையாகத் தந்த பால் 62.5 டிகிரியில் முப்பது நிமிடம் பதப்படுத்தப்பட்டு, உறையவைக்கப்பட்டு, மிக நலிந்த குழந்தைகளுக்கு ஊட்டப்படுகிறது. ஒரு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு உயிர்காப்பாக இருக்கும் வைத்த பால், மூன்று மாதம் நிறைந்து தளதளவென்றிருக்கும் பிள்ளைக்கு நஞ்சாவது எப்படி? பிறர் பாலைப் பணம் கொடுத்து வாங்குவது மட்டும் முற்றிலும் வேறு செயல். தாயைப் பரிசோதித்தது யார், பாலைக் காத்தது எப்படி என்று அங்கே தெரியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 மே மாதம் தாய்ப்பால் விற்பனைக்கு அனுமதி இல்லை என்று அறிவுறுத்தியிருக்கிறது.

கடைசியாக எஞ்சுவது நடைமுறைத் தடை. பால் கெடாது என்றே வைத்துக்கொண்டாலும் எங்கே போய்ப் பீய்ச்சுவது என்ற கேள்வி நியாயமானது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை தந்தது. 2017இன் திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகத்தைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் விடுப்பு பன்னிரண்டு மாதம். 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் வந்தன. ஆனால் இந்தச் சட்ட வாசகங்கள் குழந்தை தாயின் அருகில் இருப்பதாகவே எண்ணி எழுதப்பட்டவை. பிள்ளை வீட்டிலும் தாய் தறிக்கூடத்திலோ கணினி முன்னோ இருக்கும் நிலைக்கு வேண்டியது தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, ஒரு நாற்காலி, கை கழுவ ஒரு குழாய், சிறிய ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு. இவற்றில் எதையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. அதனால் வரும் இழப்பையும் ‘பால் கெட்டுவிடும்’ என்ற கணக்கிலேயே எழுதி முடித்துவிடுகிறார்கள்.